அதிகாரமும் வலுவூட்டலும்: பங்களாதேஷின் நுண்கடன் அனுபவம் உணர்த்துவன

சமகால அபிவிருத்திச் சிந்தனையில் 'வலுவூட்டல்' என்ற சொல்லைப் போல் பரவலாக எடுத்தாளப்படும் சொற்கள் மிகச் சிலவே. உலக வங்கி 2000/2001ஆம் ஆண்டுக்கான தனது உலக அபிவிருத்தி அறிக்கையில் வறுமையை எதிர்கொள்வதற்கான மூன்று தூண்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிட்டது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பேண்தகு அபிவிருத்தி இலக்குகளில் ஐந்தாவது இலக்கு பெண்களின் வலுவூட்டலைப் பற்றியதாகும். அரசாங்கங்களும் வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் தத்தம் திட்டங்களுக்கு இப்பெயரைச் சூட்டத் தயங்குவதில்லை. எனினும், ஒரு சொல் எல்லோருக்கும் உவப்பானதாக மாறும்போது அது தன் பொருளை இழந்து விட்டதா என ஐயுறுவது அறிவுடைமையாகும். வலுவூட்டல் என்பது அதிகாரத்தோடு தொடர்புடைய ஒரு கருத்து. அதிகாரம் என்றால் என்ன என்பதை விளங்காமல் வலுவூட்டலை விளங்க முடியாது. இக்கட்டுரையில் நாம் முதலில் அதிகாரம் பற்றிய சில விளக்கங்களை நோக்கி, பின்னர் முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட பங்களாதேஷின் அரை நூற்றாண்டு கால அனுபவத்தில் அவற்றை உரசிப் பார்க்க முயல்கின்றோம்.

சொல்லும் பொருளும்

இலங்கைத் தமிழில் நாம் 'வலுவூட்டல்' என்கின்றோம். தமிழகத்தில் 'அதிகாரமளித்தல்' என்பர். இவ்விரு வழக்குகளிலும் ஓர் ஒற்றுமை மறைந்திருக்கின்றது. ஊட்டுவதற்கு ஒருவர் வேண்டும். அளிப்பதற்கும் ஒருவர் வேண்டும். பெறுபவர் வாய் திறந்து காத்திருப்பவராகவே இச்சொற்களில் தோற்றமளிக்கின்றார். இது வெறும் மொழிப் பிரச்சினையன்று. அபிவிருத்தித் திட்டங்கள் பலவற்றின் உள்ளார்ந்த குறைபாடும் இதுவே என்பதைப் பின்னர் காண்போம்.

அறபு மொழியில் இக்கருத்தைக் குறிக்க வழங்கும் சொல் 'தம்கீன்' என்பதாகும். ஒருவரை ஓரிடத்தில் உறுதியாக நிலைபெறச் செய்தல், செயற்படுவதற்கான இயலுமையை ஏற்படுத்துதல் என்பன அதன் பொருள்கள். இதற்கு எதிர்நிலையில் அல்குர்ஆன் கையாளும் 'முஸ்தழ்அஃப்' என்ற சொல்லின் வடிவம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது வெறுமனே 'பலவீனன்' எனப் பொருள்படும் 'ழஈஃப்' அன்று; 'பலவீனமாக்கப்பட்டவன்', 'பலவீனனாகக் கருதி நடத்தப்பட்டவன்' என்ற செயப்பாட்டு வடிவமாகும். பலவீனம் இயற்கையாக அமைந்ததன்று, யாரோ ஒருவரால் விளைவிக்கப்பட்டது என்ற சமூக உண்மையை அச்சொல்லின் இலக்கணமே தாங்கி நிற்கின்றது. அல்கஸஸ் அத்தியாயத்தின் 5ஆம், 6ஆம் வசனங்களில் இவ்விரு கருத்துகளும் பிர்அவ்னின் ஆட்சியைப் பற்றிய விவரிப்பில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. அதேவேளை, அந்நிஸா அத்தியாயத்தின் 97ஆம் வசனம் பலவீனத்தைச் சாட்டாக முன்வைப்போரைக் கேள்விக்குட்படுத்துகின்றது. அடுத்த வசனம் உண்மையிலேயே வழிவகையற்றோருக்கு விலக்களிக்கின்றது. ஒடுக்கும் அமைப்பும் மனிதனின் சுயமுயற்சியும் என்ற இரண்டையும் ஒருங்கே கருத்திற் கொள்ளும் இப்பார்வை எமது ஆய்வுக்கு நல்லதொரு நுழைவாயிலாகும்.

நவீன சமூக அறிவியலில் இக்கருத்து கீழிருந்தே எழுந்தது. பிரேசிலின் கல்வியியலாளர் பாவ்லோ பிரெய்ரே எழுத்தறிவுக் கல்வியை ஒடுக்கப்பட்டோரின் விழிப்புணர்வோடு இணைத்தார். அமெரிக்காவில் பார்பரா சொலமன் 1976இல் கறுப்பின மக்களின் வலுவூட்டல் பற்றி எழுதினார். தெற்காசியாவில் பெண்கள் இயக்கங்கள் 1980களில் இதனைத் தமதாக்கிக் கொண்டன. இந்திய ஆய்வாளர் ஸ்ரீலதா பட்லிவாலா, வலுவூட்டல் என்பது அதிகார உறவுகளையே மாற்றியமைக்கும் ஒரு படிமுறை என 1990களின் ஆரம்பத்தில் விளக்கினார். இச்சொல் 1994இன் கெய்ரோ மாநாட்டினூடாகவும் 1995இன் பீஜிங் மாநாட்டினூடாகவும் சர்வதேசக் கொள்கை ஆவணங்களில் வலுவாக இடம்பிடித்தது. அந்தப் பயணத்தில் 'அதிகார உறவுகளை மாற்றுதல்' என்ற பகுதி படிப்படியாக உதிர்ந்து, 'தனிநபருக்கு வளங்களை வழங்குதல்' என்ற பகுதி மாத்திரம் எஞ்சியது எனலாம்.

அதிகாரத்தின் மூன்று முகங்கள்

அதிகாரம் எங்கே இருக்கின்றது என்ற வினாவுக்கு அரசியல் அறிஞர்கள் அளித்த விடைகள் மூன்று கட்டங்களாக வளர்ந்தன. ரொபர்ட் டால் 1961இல் வெளியிட்ட நூலில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரை ஆராய்ந்து, வெளிப்படையாக விவாதிக்கப்படும் விடயங்களில் யாருடைய விருப்பம் நிறைவேறுகின்றதோ அவரே அதிகாரமுடையவர் என்றார். பீட்டர் பக்ராக், மோர்ட்டன் பராட்ஸ் ஆகியோர் 1962இல் இதனை மறுத்து, சில விடயங்களை விவாதத்துக்கு வராமலேயே தடுத்துவிடுவதும் அதிகாரமே எனக் காட்டினர். ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் மூன்றாவது முகத்தை அடையாளப்படுத்தினார்: பாதிக்கப்பட்டவர் தமது நிலையை இயல்பானதென்றும் மாற்ற முடியாததென்றும் ஏற்றுக்கொள்ளும் வகையில் அவரது விருப்பங்களையே வடிவமைத்தலே அதிகாரத்தின் மிக நுட்பமான வடிவம் என்பது அவரது வாதம். ஜோன் கவென்டா 1980இல் வெளிவந்த தமது நூலில் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சுரங்கப் பள்ளத்தாக்கொன்றை ஆராய்ந்து, கடும் அநீதியின் நடுவிலும் மக்கள் ஏன் மௌனமாக இருந்தனர் என்பதை இம்மூன்று முகங்களையும் கொண்டு விளக்கினார்.

இதனை எமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தால் விளங்கிக் கொள்வோம். பங்களாதேஷின் கிராமங்களில் 'ஷாலிஷ்' எனப்படும் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கிலுள்ளது. ஒரு பிணக்கு அங்கு வரும்போது செல்வாக்குள்ளவருக்குச் சார்பாகத் தீர்ப்பு அமையுமாயின் அது முதலாவது முகம். பெண்ணின் முறைப்பாடு 'வீட்டு விவகாரம்' எனக் கூறப்பட்டு ஷாலிஷுக்கே வராது போகுமாயின் அது இரண்டாவது முகம். மூன்றாவது முகத்தை வாரிசுரிமையில் காணலாம். ஷரீஆ மகளுக்குத் தெளிவான பங்கை விதித்துள்ளது. அந்நாட்டின் சட்டமும் அதனை ஏற்கின்றது. ஆயினும் கிராமப்புறப் பெண்கள் பலர் தமது பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து விடுகின்றனர். பங்கைக் கேட்கும் பெண் பேராசை கொண்டவளாகப் பார்க்கப்படுவாள். தாய்வீட்டுக்குச் சென்று தங்கும் 'நாயொர்' என்னும் உறவு முறிந்துவிடும் என்ற அச்சம் நிலவுகின்றது. எவரும் தடுக்கவில்லை, எவரும் அச்சுறுத்தவில்லை. இறைவன் வழங்கிய உரிமையே கேட்கப்படாமல் கிடக்கின்றது.

இங்கு நாம் அவசரப்படலாகாது. அப்பெண் அறியாமையால் மாத்திரம் விட்டுக்கொடுக்கின்றாள் எனக் கூறுவது அவளது அறிவைக் குறைத்து மதிப்பதாகும். விதவையாகவோ விவாகரத்தானவளாகவோ ஆகும் நாளில் தனக்குப் புகலிடமாக அமையக்கூடியவர் சகோதரரே என்பதை அவள் நன்கறிவாள். நிலத்தை விட்டுக்கொடுத்து அவள் பெறுவது ஒரு காப்புறுதி. அவளது தெரிவு பகுத்தறிவுக்குட்பட்டதே. பிழை, அத்தகைய தெரிவுக்கு அவளைத் தள்ளிய சூழலில் உள்ளது. பொருளியலாளர் நைலா கபீர் 1999இல் வலுவூட்டலுக்கு அளித்த விளக்கம் இங்கே துணைபுரிகின்றது. வாழ்வின் திசையை நிர்ணயிக்கும் தெரிவுகளை மேற்கொள்ளும் ஆற்றல் முன்னர் மறுக்கப்பட்டிருந்தோர், அதனைப் பெற்றுக்கொள்ளும் மாற்றமே வலுவூட்டல் என்பது அவரது கருத்தின் சாரம். வளங்கள், செயலாண்மை, அடைவுகள் என்ற மூன்றும் அதன் கூறுகள். வளம் மாத்திரம் போதாது என்பது இதனால் பெறப்படுகின்றது.

அதிகாரம் என்றவுடன் பிறரை அடக்கியாளும் அதிகாரமே எமது மனக்கண் முன் தோன்றுகின்றது. ஜோ ரோலண்ட்ஸ் 1997இல் ஹொண்டுராஸ் நாட்டுப் பெண்கள் மத்தியில் மேற்கொண்ட ஆய்வை வெளியிட்டபோது வேறு மூன்று வகைகளையும் வலியுறுத்தினார். ஒன்றைச் செய்து முடிக்கும் ஆற்றல். பிறரோடு இணைவதால் தோன்றும் கூட்டு வலிமை. 'நானும் மதிப்புள்ளவள்' என்ற உணர்வாக உள்ளத்தில் ஊறும் அகவலிமை. முதல் வகை ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும். ஏனைய மூன்றும் அவ்வாறு கணக்கிடத் தக்கவையல்ல.

ஜோப்ராவில் தொடங்கிய பயணம்

1974இன் பஞ்சம் பங்களாதேஷை உலுக்கியது. அக்காலத்தில் சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த பேராசிரியர் முஹம்மத் யூனுஸ், அருகிலிருந்த ஜோப்ரா என்ற கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் மூலப்பொருளுக்காக வியாபாரியிடம் கடன்பட்டு, முடித்த பொருளை அவர் சொன்ன விலைக்கே விற்கும் நிலையைக் கண்டார். 1976இல் 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 27 டொலர் மாத்திரமே. அதனைத் தமது பையிலிருந்தே வழங்கினார். இம்முயற்சி 1983இல் கிராமீன் வங்கி என்ற தனி வங்கியாக உருப்பெற்றது. ஐவர் கொண்ட குழுக்கள், வாராந்தக் கூட்டம், பிணையற்ற சிறுகடன், சிறு தவணைகளில் மீளச் செலுத்தல் என்பன அதன் அடிப்படைகள். காலப்போக்கில் கடனாளிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்களாயினர். 2006இல் யூனுஸும் கிராமீன் வங்கியும் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். ஃபஸ்லே ஹஸன் ஆபித் 1972இல் தொடங்கிய பிராக் நிறுவனமும் நுண்கடனைப் பேரளவில் விரிவாக்கியது.

பெண்ணின் கையில் கடன் சென்றால் அவளது நிலை உயரும் என்பது எதிர்பார்ப்பு. அது நிறைவேறியதா? 1996இல் ஒரே ஆய்வுச் சஞ்சிகையில் வெளியான இரு கட்டுரைகள் எதிரெதிரான விடைகளைத் தந்தன. அன் மரி கோட்ஸ், ரீனா சென்குப்தா ஆகியோர், தாம் ஆராய்ந்த கடன்களில் சுமார் 63 சதவீதமானவற்றில் பெண்களுக்கு ஓரளவு, மிகக் குறைந்தளவு அல்லது அறவே கட்டுப்பாடு இருக்கவில்லை எனக் கண்டனர். கடன் பெண்ணின் பெயரில். பணம் ஆணின் கையில். தவணைப் பொறுப்பு மீண்டும் பெண்ணின் தலையில். மறுபுறம் ஸெய்யித் ஹாஷிமி, சிட்னி ஷுலர், ஆன் ரைலி ஆகியோர் நடமாட்டச் சுதந்திரம், குடும்பத் தீர்மானங்களில் பங்கு, சட்ட விழிப்புணர்வு முதலான எட்டு அளவுகோல்களைக் கொண்டு நோக்கி, கடன் திட்டங்கள் பெண்களை வலுவூட்டுகின்றன என முடிவு செய்தனர்.

இரு தரப்பினரும் நேர்மையான ஆய்வாளர்களே. அவ்வாறாயின் ஏன் இந்த முரண்பாடு? அவர்கள் அதிகாரத்தின் வெவ்வேறு வடிவங்களை அளந்தனர் என்பதே எமது விளக்கம். முதல் தரப்பு பணத்தின் மீதான கட்டுப்பாட்டை அளந்தது. இரண்டாம் தரப்பு வாழ்வின் பரந்த ஆற்றல்களை அளந்தது. பின்னர் 2001இல் நைலா கபீர், கடன்பெற்ற பெண்களிடமே இக்கேள்வியைக் கேட்டு, அவர்களது மதிப்பீடு இவ்விரு துருவங்களுக்கும் இடையில் அமைவதைக் காட்டினார். கணவனுக்குப் பணத்தைக் கொடுத்த பெண்கூட, 'என் வழியாகவே இப்பணம் வந்தது' என்பதால் வீட்டில் மதிப்புக் கூடியதாகக் கருத இடமுண்டு. இது அகவலிமையின் ஒரு துளி. அதனைப் புறக்கணிப்பதும் தகாது, கடல் என மிகைப்படுத்துவதும் தகாது.

கூட்டு வலிமை கண்காணிப்பாக மாறும்போது

நுண்கடனின் மிக நுட்பமான முரண் அதன் குழு அமைப்பில் உள்ளது. ஐவர் சேர்ந்தால் கூட்டு வலிமை பிறக்கும் என்பது கொள்கை. ஆனால் ஒருவர் தவணை தவறினால் ஏனையோரின் அடுத்த கடன் தடைப்படும் என்ற நிலை தோன்றும்போது, தோழியர் கண்காணிப்பாளர்களாக மாறிவிடுகின்றனர். மானிடவியலாளர் லாமியா கரீம் 2011இல் வெளியான தமது நூலில், பங்களாதேஷின் கிராமப்புறத்தில் பெண்ணின் மானமே கடனுக்குரிய மறைமுகப் பிணையாகத் தொழிற்படுவதை விவரித்தார். கடன் செலுத்தத் தவறியவளின் பானை சட்டிகளும் கூரைத் தகடும் அயலவர்களாலேயே எடுத்துச் செல்லப்பட்ட சம்பவங்களும் அதில் பதிவாகியுள்ளன. ஒருவரோடொருவர் இணைந்து பெறவேண்டிய வலிமை, ஒருவர்மீதொருவர் செலுத்தும் அடக்குமுறையாக உருமாறியது.

2010இல் இந்தியாவின் ஆந்திரப் பிரதேசத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்தபோது மாநில அரசு அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 2015இல் பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்ஸிகோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் ஒருங்கே வெளியாகின. நுண்கடனால் சில மிதமான நன்மைகள் உண்டு. ஆயினும் வாழ்வை அடியோடு மாற்றும் விளைவுகள் இல்லை என்பதே அவற்றின் பொதுவான முடிவாகும். எமது நாட்டிலும் யுத்தத்தின் பின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பெருகிய நுண்கடன் பெண்களைப் பெரும் கடன்சுமையில் ஆழ்த்தியது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை அரசு அறிவித்தது. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குரக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். எந்தக் கடன் நிறுவனமும் அவர்களுக்கு ஊட்டாத கூட்டு வலிமையை, அக்கடனுக்கு எதிராக அவர்கள் தாமே உருவாக்கிக் கொண்டனர் என்பது சிந்தனைக்குரியது.

நிலத்தின் கதை

பங்களாதேஷிலேயே வேறொரு பாதையும் உண்டு. 'நிஜேரா கோரி' என்ற அமைப்பின் பெயருக்கு 'நாமே செய்கின்றோம்' என்பது பொருள். அது கடன் வழங்குவதில்லை. நிலமற்ற ஆண்களையும் பெண்களையும் குழுக்களாக ஒன்றுசேர்த்து, அவர்களது நிலைமையைப் பற்றி அவர்களே சிந்திக்கவும் சட்டப்படி உரித்தான அரச காணிகளைக் கோரவும் துணைநிற்கின்றது. 1990இல் குல்னா மாவட்டத்தில் இறால் வளர்ப்புக்காக உப்புநீரை வயல்களில் புகுத்த முயன்றபோது, ஹொரின்கோலா என்ற இடத்தில் கிராமத்தவர்கள் அதனை எதிர்த்தனர். நவம்பர் 7ஆம் திகதி, ஊர்வலத்தின் முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் என்ற பெண் கொல்லப்பட்டார். நிலமற்ற மக்கள் ஆண்டுதோறும் அந்நாளில் அங்கு கூடி அவரை நினைவுகூர்கின்றனர். அந்த அணைக்கட்டுப் பிரதேசம் இறால் பண்ணைகளுக்கு இடமளிக்காது நின்றது.

இங்கு எவரும் எவருக்கும் வலுவை ஊட்டவில்லை. வளம் முதலில் வரவில்லை. விழிப்புணர்வும் ஒற்றுமையும் முதலில் வந்தன. வளத்தின் மீதான உரிமை அதன்பின் நிலைநாட்டப்பட்டது. அதேவேளை இப்பாதையின் விலையையும் நாம் மறைக்கலாகாது. அதிகாரத்தைச் சமமாக்கும் முயற்சி, அதனை இழப்போரின் எதிர்ப்பைச் சந்தித்தே தீரும். எவரையும் சினமூட்டாத வலுவூட்டல் திட்டம், உண்மையில் எந்த அதிகாரத்தையும் தொடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வட்டியற்ற கடனும் எஞ்சி நிற்கும் வினாவும்

எமது வாசகர்களின் உள்ளத்தில் இயல்பாக எழும் ஒரு வினா உண்டு. நுண்கடனின் தீங்குகளுக்கு வட்டியே காரணமன்றோ? வட்டி நீங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? வட்டியைப் பற்றிய மார்க்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. அதன் சுமையை ஏழைகளே அதிகம் சுமக்கின்றனர் என்பதும் மறுக்க முடியாதது. பாகிஸ்தானில் அம்ஜத் ஸாகிப் 2001இல் லாகூரில் தொடங்கிய 'அகுவத்' அமைப்பு, கர்ழ் ஹஸன் என்னும் வட்டியற்ற கடனைப் பேரளவில் வழங்க முடியும் என நிரூபித்துள்ளது. மஸ்ஜித் போன்ற வணக்கத்தலங்களிலேயே கடன்கள் வழங்கப்படுவது அதன் சிறப்பம்சம். 2021இல் அதன் ஸ்தாபகருக்கு ரமொன் மக்ஸாய்ஸாய் விருது கிடைத்தது.

இருப்பினும், வட்டியின்மை அநீதியான ஒரு சுமையை அகற்றுகின்றதே தவிர, தன்னளவில் அதிகார உறவை மாற்றிவிடுவதில்லை. வட்டியற்ற கடனும் பெண்ணின் பெயரில் பெறப்பட்டு ஆணின் கையில் சேரலாம். ஸகாத் நிதியும் கொடுப்பவரின் கையை உயர்த்தி, பெறுபவரின் தலையைத் தாழ்த்தும் முறையில் விநியோகிக்கப்படலாம். ஸகாத் வறியவரின் உரிமை என்பது எமது சட்ட அறிஞர்களின் தெளிவான நிலைப்பாடு. உரிமையைப் பெறவருபவரை ரமழான் மாதத்தில் செல்வந்தரின் வாசலில் நீண்ட வரிசையில் நிறுத்துவது, உரிமையை யாசகமாக்கிவிடும் செயலாகும். இங்கும் அதிகாரத்தின் மூன்றாவது முகமே தொழிற்படுகின்றது. கொடுப்பவரும் பெறுபவரும் அவ்வரிசையை இயல்பானதாகவே கருதுகின்றனர்.

வங்காளத்தின் பேகம் ருகையா ஸகாவத் ஹுஸைன் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இம்முகத்தை இனங்கண்டவர். 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்கான பாடசாலையை நிறுவி, 1916இல் முஸ்லிம் பெண்களுக்கெனத் தனிச் சங்கத்தையும் உருவாக்கினார். கல்வியால் அகவலிமையும் சங்கத்தால் கூட்டு வலிமையும் பிறக்கும் என்பதை, இக்கலைச்சொற்கள் தோன்றுவதற்கு முன்னரே அவர் செயலில் காட்டினார்.

முடிவாக

இவ்வனுபவங்களிலிருந்து நாம் பெறும் பாடம், கடனோ உதவியோ வேண்டாம் என்பதன்று. பசித்தவருக்கு உணவும் தொழில் செய்பவருக்கு முதலும் அவசியமே. ஆனால் அவற்றை வழங்கிவிட்டு வலுவூட்டிவிட்டோம் என நிறைவு கொள்வது சுயவஞ்சனையாகும். எமது ஊர்களில் பைத்துல்மால்களும் ஸகாத் குழுக்களும் பெண்கள் அமைப்புகளும் இயங்குகின்றன. அவை தமக்குத்தாமே சில வினாக்களைத் தொடுத்துக்கொள்வது நல்லது. யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் சபையில், பெறுபவர்களுள் எவரேனும் அமர்ந்திருக்கின்றாரா? எந்தப் பிரச்சினைகள் அச்சபையின் நிகழ்ச்சிநிரலுக்கு வருவதேயில்லை? தன் வாரிசுப் பங்கைக் கேட்கும் ஒரு சகோதரிக்கு அவ்வூரின் ஜமாஅத் துணைநிற்குமா, அல்லது விட்டுக்கொடுக்குமாறு அறிவுரை கூறுமா? அவள் கேளாதிருப்பது திருப்தியினாலா, கேட்டால் எல்லாக் கதவுகளும் மூடிவிடும் என்ற அச்சத்தினாலா?

இறுதி வினாவுக்கு நேர்மையாக விடை தேடும் சமூகமே அதிகாரத்தைப் பற்றி உண்மையாகச் சிந்திக்கத் தொடங்கிய சமூகமாகும். பலவீனர் என எவரும் பிறப்பதில்லை; பலவீனமாக்கப்படுகின்றனர். ஆக்கும் கரங்களுள் எமது கரமும் உள்ளதா என நோக்குவதிலிருந்தே வலுவூட்டல் ஆரம்பமாகின்றது.